எச்.எம்.வி. நாயும் எங்கள் வீட்டு மணியும்: ஒரு திருத்தம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம். ஆனால் என்னிடம் வரலாறு படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு திருத்தம் தர வேண்டியிருக்கிறது.

என்னிடம் 1998-ல் பத்தாம் வகுப்பு படித்த மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். தாத்தா வீட்டுப் பரணில் கிடைத்த பழைய எச்.எம்.வி. இசைத்தட்டு. நடுவில் வட்டமான லேபிள். அதில், குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் அந்த நாய். கீழே எழுதியிருந்தார்: "டீச்சர், நீங்க சொன்ன கதையை இன்னைக்கு என் மகளுக்குச் சொன்னேன். அழுதுட்டா."

அவருக்குப் பதில் எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. ஏனென்றால் அந்தக் கதை தப்பு.

மறந்துபோனவர்களுக்காக, நான் சொன்ன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு எஜமான். அவருக்கு ஒரு நாய். எஜமான் இறந்துபோகிறார். சவப்பெட்டியின் மேல் கிராமஃபோனை வைத்து, அவர் உயிரோடு இருந்தபோது பதிந்த குரலைப் போடுகிறார்கள். நாய் ஓடி வந்து சவப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து குழாய்க்குள் எஜமானைத் தேடுகிறது. தொழிற்புரட்சிப் பாடம் முடிகிற நாளில், எடிசன் பெயர் வரும்போது, இதைச் சொல்வேன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் சரிபார்க்காமலே விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

இனி நடந்தது.

அந்த நாயின் பெயர் நிப்பர். 1884-ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தது. வீட்டுக்கு வருகிறவர்களின் கெண்டைக்காலைக் கடிக்கும் பழக்கம் இருந்ததால் அந்தப் பெயர். நம் ஊரில் என்றால் 'கடியன்' என்று வைத்திருப்பார்கள். அதை வளர்த்தவர் மார்க் பாரோ. நாடகக் கொட்டகையில் திரைச்சீலை எழுதுகிறவர். 1887-ல் அவர் ஏழ்மையில் இறந்துபோனார். நாய் அவர் தம்பி பிரான்சிஸ் பாரோவிடம் வந்தது. பிரான்சிஸும் ஓவியர். அவர் வீட்டில் ஒரு ஃபோனோகிராஃப் இருந்தது. குரல் எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் நாய் திகைத்து நிற்பதைப் பலமுறை பார்த்ததாக அவர் பின்னாளில் சொன்னார். நிப்பர் 1895-ல் வயதாகிச் செத்தது. கிங்ஸ்டன் என்ற ஊரில் ஒரு மல்பெரி மரத்தடியில் புதைத்தார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு வங்கி இருக்கிறது.

படம் வரைந்தது அதற்கும் மூன்று வருஷம் கழித்து, 1898-ல். நாய் அப்போது உயிரோடு இல்லை. சவப்பெட்டியும் இல்லை. நாய் உட்கார்ந்திருப்பது பளபளப்பான மேசைப் பலகை. அண்ணன் குரல் அதில் பதிவாகியிருந்தது என்று பிரான்சிஸ் சொல்லவும் இல்லை. அந்த இயந்திரங்கள் பரவலாக விற்பனைக்கு வந்ததே மார்க் இறந்த பிறகுதான். தேதியை வரிசையாக எழுதிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். "முதலில் காலக்கோடு போடுங்கள்" என்று உங்கள் தலையில் குட்டியவள், நான் போடவில்லை.

ஆனால் சவப்பெட்டியைவிட முக்கியமான ஒரு விஷயம் அந்தப் படத்துக்குள் இருக்கிறது. பிரான்சிஸ் முதலில் வரைந்தது கிராமஃபோன் இல்லை, ஃபோனோகிராஃப். அதை வாங்க ஆள் கிடைக்கவில்லை. படத்தில் குழாய் கருப்பாக இருந்தது. பித்தளைக் குழாய் வரைந்தால் எடுப்பாக இருக்கும் என்று யாரோ சொல்ல, 1899-ல் லண்டனில் கிராமஃபோன் கம்பெனிக்குக் குழாய் கடன் கேட்கப் போனார். அங்கிருந்த மேலாளர் ஓவன், "இயந்திரத்தையும் மாற்றி எங்கள் கிராமஃபோனை வரைந்து தந்தால் வாங்கிக்கொள்கிறோம்" என்றார். பழைய இயந்திரத்தின் மேலேயே புதியதை வரைந்து கொடுத்தார். படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு. சில கோணத்தில் வெளிச்சம் பட்டால் அடியில் இருக்கும் பழைய இயந்திரம் இன்றும் தெரியுமாம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எடிசன் 1877-ல் செய்த ஃபோனோகிராஃப் உருளையில் பதியும், பாடவும் பாடும். வீட்டில் இருப்பவர்களே பேசிப் பதியலாம். பெர்லினர் 1887-ல் கொண்டுவந்த கிராமஃபோன் தட்டு. கம்பெனி பதிந்து விற்பதை வாங்கிப் போடலாம், அவ்வளவுதான். நம் குரலை அதில் பதிய முடியாது. 1878-ல் எடிசன் தன் இயந்திரத்தால் ஆகும் பத்துக் காரியங்களைப் பட்டியல் போட்டு எழுதினார். அதில் பாட்டும் உண்டு. கடிதம் எழுதுவதும் உண்டு. 'குடும்பப் பதிவேடு' என்றும் ஒன்று உண்டு. வீட்டில் உள்ளவர்களின் பேச்சையும் கடைசி வார்த்தைகளையும் அவரவர் குரலிலேயே வைத்துக்கொள்வது. விற்பனையில் வென்றது கிராமஃபோன். பாட்டு வீட்டுக்குள் வந்தது, வீட்டின் குரல் வெளியே நின்றுவிட்டது. நிப்பர் படத்தில் ஒரு இயந்திரத்தின் மேல் இன்னொன்றைப் பூசினார்களே, நடந்ததும் அதுதான்.

ஆனாலும் பாட்டோடு ஒரு பெயராவது சேர்த்துச் சொல்லும் ஆசை மனிதர்களுக்குப் போகவில்லை. 1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனியின் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பாட வைத்துப் பதிந்தார். மூன்று நிமிஷப் பாட்டு. முடிவில் அந்த அம்மா, தன் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் கணீரென்று சொல்லி முடிப்பார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில். அங்கே இருப்பவர்களுக்கு யார் பாட்டு என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் நம் ஊரில் அதைக் கேட்டவர்களுக்கு, வீட்டுக்கு வந்த விருந்தாளி தன் பெயரைச் சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

அந்த ஆசைக்குப் பெரிய வாசல் திறந்துவிட்டது வானொலி. இங்கிலாந்தில் 1945-ல், போர் முடிந்த கையோடு, பி.பி.சி. ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ஜெர்மனியில் இருக்கும் படைவீரனுக்காக வீட்டிலிருந்து ஒரு பாட்டு, வீட்டுக்காக வீரனிடமிருந்து ஒரு பாட்டு, பெயர் சொல்லி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஊரே கேட்கும். நம் விவித் பாரதியும் படைவீரர்களுக்காக 'ஜெய்மாலா' நடத்தியது உங்களில் ராணுவத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் தெற்குச் சீமைக்கு அந்த வாசல் கொழும்பில் இருந்தது. அதற்கும் ஒரு போர்க்கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியப் படைத் தலைமையகம் கண்டியில் இருந்தபோது, வீரர்களுக்காகக் கொழும்புப் பக்கம் ஏக்கலை என்ற இடத்தில் மிக வலுவான ஒலிபரப்பி அமைத்தார்கள். போர் முடிந்த பின் 1949-ல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக சேவை தொடங்கியது. இந்தப் பக்கம் 1952-ல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கிவிட்டார். கேட்கிறவர்கள் என்ன செய்வார்கள்? முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி வந்த பிறகும் எங்கள் ஊரில் அந்த முள் திரும்பி வரவில்லை.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்குப் பக்கம். அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. கடலைத் தாண்டினால் இலங்கை. மத்திய அலையில் பக்கத்துத் தெரு மாதிரிக் கேட்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம். மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் இவர்கள் எல்லாம் எங்கள் வீட்டு மனிதர்கள். ஒரு பாட்டுக்கு முன்னால் பெயர்ப் பட்டியல் வாசிப்பார்கள் பாருங்கள், பாட்டைவிட அதற்குத்தான் வீடு அமைதியாகும். யாழ்ப்பாணத்தில் ஒரு அம்மப்பா, மட்டக்களப்பில் ஒரு சித்தி, சாத்தான்குளத்தில் ஒரு ஆச்சி. முன்பின் தெரியாத குடும்பம் எல்லாம் ஒரே பாட்டுக்குக் கீழே ஒன்றாக உட்காரும்.

1971-ல் நான் எட்டாம் வகுப்பு. அண்ணனுக்குப் பதினெட்டு வயது. இருவரும் சேர்ந்து நேயர் விருப்பத்துக்கு எழுதிப் போட்டோம். என்ன பாட்டு என்பதில் ஒரு வாரம் சண்டை. அம்மாவுக்கு 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள். அண்ணனுக்குக் 'கர்ணன்' படத்தில் சீர்காழி பாடியது. எனக்குப் 'பாசமலர்' தாலாட்டு. "கடைக்குட்டி கேட்டா குடுத்துரு" என்று ஆச்சி தீர்ப்புச் சொன்னதில் நான் ஜெயித்தேன். பெயர் எழுதும்போது அப்பா, அம்மா, ஆச்சி, அண்ணன், நான் என்று எழுதிவிட்டு, அண்ணன் கடைசியில் 'மணி' என்று சேர்த்தான்.

மணி எங்கள் வீட்டு நாய். முந்தின வருஷம் உப்பளத்து வாய்க்காலில் நனைந்து கிடந்த குட்டியை அண்ணன் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்திருந்தான். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். ஜாதி எல்லாம் கேட்காதீர்கள். தெரு நாய்தான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் எங்கள் பெயர் வந்தது. அப்பா, அம்மா, ஆச்சி, அண்ணன், நான், மணி என்று எல்லாப் பெயரையும் நிதானமாக வாசித்தார்கள். நாய் என்று எழுதவில்லை என்பதால் மணியும் எங்களில் ஒருவனாகவே ஒலித்தான். மத்தியானம் எதிர்வீட்டுப் பெரியம்மை வந்து, "யாருட்டி அது மணி? உங்க அப்பாவுக்குத் தெரிஞ்ச பையனா?" என்று கேட்டாள். அப்பா அன்றைக்குச் சிரித்த மாதிரி பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை. ஆறாவது பெயராகக் கடல் தாண்டி ஒலித்தவன் தார்சாவில் கருவாட்டுத் தலையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

இனி இரண்டாவது திருத்தம். இதுதான் எனக்குச் சொல்லக் கடினமானது.

1973-ல் எண்ணெய் விலை ஏறிய பிறகு வளைகுடாவில் வேலை பெருகியது உங்களுக்குப் பாடத்தில் வரும். எங்கள் வீட்டுக்கு அது 1979-ல் வந்தது. அம்மாவின் வளையலை அடகு வைத்து, மீதிக்கு வட்டிக்கு வாங்கி, அண்ணன் எலக்ட்ரீஷியன் வேலைக்குத் துபாய் போனான். ட்ரங்க் கால் போட்டுப் பேச வசதியில்லை. கடிதம் வரப் பதினைந்து நாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

அந்தச் சமயத்தில் கை கொடுத்தது கேசட். 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி அதைக் கொண்டுவந்தது. லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியாளர், கோட்டுப் பைக்குள் அடங்குகிற மரக்கட்டை ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு, இந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு கட்டினாராம். ஒரு மணி நேரக் கேசட்டில் ஏறக்குறைய 90 மீட்டர் நாடா. முக்கியமானது நீளம் இல்லை. சிவப்புப் பொத்தானையும் ப்ளே பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் பதியும். நிப்பர் படத்தில் பூசி மறைத்த அந்த வசதி, எடிசன் எழுதிய 'குடும்பப் பதிவேடு', 80 வருஷம் கழித்து ஏழை வீட்டுக்குத் திரும்பி வந்தது. மலையாளத்தில் எஸ். ஏ. ஜமீல் துபாய்க் கடிதத்தையே பாட்டாகப் பாடி ஊரெல்லாம் அழ வைத்த காலம் அது.

அந்த வருஷக் கடைசியில், ஊருக்கு வந்த ஒருவர் மூலம் அண்ணன் ஒரு டூ-இன்-ஒன் கொடுத்தனுப்பினான். உள்ளே ஒரு கேசட். பட்டாசலில் பெட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். பொத்தானை அமுக்கியது நான். முதலில் ஒரு விசில். இரண்டு சின்னது, ஒரு நீளம். மணியைக் கூப்பிட அண்ணன் எப்போதும் அடிக்கிற விசில். அதற்குப் பிறகுதான் "அம்மா, நல்லாருக்கியளா?"

இந்த இடத்தை உங்களில் பல பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் படத்தில் இருப்பது போலவே எங்கள் மணி பெட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கேசட் முடிகிறவரை அண்ணன் குரலைக் கேட்டது என்று.

அப்படி நடக்கவில்லை. விசில் கேட்டதும் மணி எழுந்தது. பெட்டியை அது பார்க்கவே இல்லை. எங்களைத் தாண்டி வாசலுக்கு ஓடியது. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. உள்ளே அண்ணன் பேசிக்கொண்டே இருந்தான். மணி வாசல்படியில் படுத்துக்கொண்டது. ராத்திரி சோறு வைத்தோம், தொடவில்லை. மறுநாளும் அங்கேயே கிடந்தது. பெட்டிக்குள் இருந்து வருகிற குரல் நமக்குத்தான் அண்ணன். நாய்க்கு, விசில் வந்தால் ஆள் வர வேண்டும்.

அந்த வாரம் பதில் கேசட் பதிந்தோம். நான் இரண்டு பொத்தானையும் அழுத்திப் பிடித்தேன். அம்மா பெட்டிக்கு மிக அருகில் குனிந்து பேசினாள். "ஐயா, மணி நல்லா இருக்கான். உன் சத்தத்தக் கேட்டுட்டுப் பெட்டி முன்னாலயே உக்காந்திருக்கான். ஒரே சந்தோசம் அவனுக்கு." நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வாயில் விரலை வைத்துக் காட்டினாள். கடன் அடைய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. நாய் சாப்பிடாமல் கிடக்கிறது என்று கேட்டால் அவன் அங்கே எப்படி இருப்பான்?

அம்மா சொன்னதை நான் பிற்பாடு எச்.எம்.வி. படத்தோடு சேர்த்து வகுப்பில் சொன்னேன். அவள் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. நான் சொன்னதற்கு வகுப்பின் அமைதி மட்டும்தான் காரணம்.

அதற்குப் பிறகு கேசட் வந்தால் அம்மா மணியைக் கொல்லைப்பக்கம் கட்டிவிட்டுத்தான் போடச் சொல்வாள். ஒரு பக்கம் பேச்சு, மறுபக்கம் பாட்டு என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. அண்ணனுக்குப் புதுப் பாட்டு வேண்டும். இளையராஜா வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. 'முள்ளும் மலரும்' பாட்டுகளை ரேடியோவில் போடும்போது பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்து பிடிப்பேன். அம்மி அரைக்கிற சத்தமும் ஆச்சி இருமலும் கூடவே பதியும். அந்த நேரம் பார்த்து யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். பாட்டு சுத்தமாக வர வேண்டும் என்று வீட்டையே வாயை மூடச் சொல்வேன்.

1982 ஐப்பசி அடைமழையில் மணி செத்துப்போனது. பன்னிரண்டு வயது. கொல்லையில் முருங்கைமரத்தடியில் அப்பா குழி தோண்டினார். அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா முடிவு செய்தாள். ஒவ்வொரு கேசட்டிலும், "மணி நல்லா இருக்கான், வயசாயிட்டு, படுத்தே கெடக்கான்" என்றாள். ஆறு மாதம் அப்படிப் போனது.

1983 சித்திரையில் அண்ணன் முதல் லீவில் வந்தான். பெட்டியை இறக்கிவிட்டு நேராகக் கொல்லைக்குப் போனான். அம்மா அழ ஆரம்பித்தாள். அவன், "தெரியும்மா" என்றான். யாரும் எழுதவில்லையே, எப்படித் தெரியும்? "மழைக்கு அப்புறம் வந்த கேசட்டுல ஒண்ணுலயும் நாய் கொலைக்கிற சத்தமே இல்லையே. பால்காரர் வார நேரத்துல கூட இல்ல" என்றான்.

நாங்கள் பேசியதை மட்டும் அவன் கேட்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நான் சுத்தமாகப் பிடித்துக் கொடுத்த பாட்டுகளில் எத்தனை அவன் நினைவில் இருந்ததோ தெரியாது. பின்னால் கேட்ட சத்தங்களை வரிசையாகச் சொன்னான். அம்மி, பக்கத்து வீட்டு ரேடியோ, கோயில் மணி, உப்பு லாரி.

அந்தக் கேசட்டுகள் எங்கே என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. கேசட் அப்போது காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். வந்த கேசட்டிலேயே பதிலைப் பதிந்து அனுப்புவோம். ஒவ்வொரு கடிதமும் முந்தின கடிதத்தை அழித்துவிடும். நான்கு வருஷம் இப்படிப் போய் வந்தது, மிஞ்சியது எதுவுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் மதினி பழைய ட்ரங்க் பெட்டியைச் சுத்தம் செய்தபோது ஒரு கேசட் கிடைத்தது. மேலே அண்ணன் கையெழுத்தில் 'கர்ணன் - முள்ளும் மலரும்'. துபாயில் யாரிடமோ பாட்டுப் பதிந்து வாங்கியிருக்கிறான், எங்கள் கடிதத்தின் மேலேயே. அண்ணன் மகன் அதைச் சுத்தம் செய்து செல்போனுக்கு மாற்றினான். இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு முடிந்து 'டக்' என்று ஒரு சத்தம். நாடா இன்னும் மீதம் இருந்திருக்கிறது. அதில் பழையது அழியாமல் இருந்தது. ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி.

அம்மா பேசுகிறாள். "ஏட்டி, இன்னும் எம்புட்டு இருக்கு?" நான், "முடியப் போவுதும்மா, சீக்கிரம் சொல்லு" என்கிறேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பக்கத்து வீட்டில் ரேடியோ. அப்புறம் வாசலில் நாய் குலைக்கிறது, இரண்டு முறை. "ஏ மணி, சும்மா கெட. பால்காரர்தான்." அதற்குப் பிறகு, "ஐயா, உடம்பப் பாத்துக்க." முடிந்துவிட்டது.

அம்மா 1994-ல் போய்விட்டாள். கல்யாண வீட்டு வீடியோக்களில் அவள் முகம் இருக்கிறது, மேலே நாதஸ்வரம்தான் இருக்கிறது. அவள் குரல் என்று எங்களிடம் இருப்பது இந்த ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி மட்டும்தான். அந்தப் பக்கத்தில் பதிந்த பாட்டு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

அண்ணனுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. குடும்பக் குழுவில் தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு பழைய பாட்டு வந்து விழும். பேச்சு ஒன்றும் இருக்காது. நானும் கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். நூறு வருஷம் சுற்றி மறுபடியும் அந்தப் பித்தளைக் குழாய்க்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. பதிகிற வசதி எல்லோர் கையிலும் இருக்கிறது. கம்பெனி பதிந்ததைத்தான் ஒருவருக்கொருவர் தள்ளிவிடுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்து, "பாட்டு நல்லாருக்கு, ஆனா அது எங்கயும் கெடைக்கும். உங்க வீட்டுச் சத்தத்தையும் கொஞ்சம் அனுப்பு" என்றேன். மறுநாள் பாட்டுக்குக் கீழே ஒரு குரல் செய்தி. குக்கர் விசில். மதினி யாரையோ திட்டுகிறாள். பேத்தி கொண்டுவந்து வைத்திருக்கும் பூனை கத்துகிறது. மணிக்குப் பிறகு அண்ணன் எதையும் வளர்க்கவில்லை, அந்தப் பூனையையும் 'வேண்டாம்' என்றவன்தான். செய்தியின் முடிவில் அவன் குரல்: "சீனிக்குப் பால் வைக்கணும். வச்சிட்டு வாரேன்." நாற்பது வினாடி. அதைப் பேரனிடம் கொடுத்துத் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன்.

படம் அனுப்பிய மாணவருக்கு: உங்கள் மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். நிப்பர் வயதாகிச் செத்தது, மல்பெரி மரத்தடியில் இருக்கிறது, சவப்பெட்டி எதுவும் இல்லை. அந்தப் படத்தையே திரும்பத் திரும்ப வரைந்து, மொத்தம் 24 பிரதிகள் எழுதி, பிரான்சிஸ் பாரோ பிழைத்தார். மணியின் கதையையும் நடந்தபடியே சொல்லுங்கள். குழந்தை அழுதால் அழட்டும், இந்த முறை உண்மைக்காக அழுவாள்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றின் பெயரைக் கீழே எழுதுங்கள். பழைய நேயர் விருப்பம் மாதிரி, வீட்டில் யார் யார் சேர்ந்து கேட்கிறீர்கள் என்று எல்லோர் பெயரும் வேண்டும். நாய், பூனை, ஆடு, கோழி இருந்தால் அதன் பெயரும். எனக்குப் பாட்டு அனுப்புகிறவர்கள், பாட்டு முடிந்ததும் அரை நிமிஷம் உங்கள் வீட்டையும் பதிந்து அனுப்புங்கள். யாரையும் வாயை மூடச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்